பங்கு போட முடியாத எண்!

முப்பத்தொன்பது இலக்கம் கொண்ட ஒரு பிடிவாதக்காரரின் கதை

பன்னிரண்டு லட்டைத் தட்டில் அடுக்குவதில் எந்தச் சங்கடமும் இல்லை. வரிசைக்கு நான்காக மூன்று வரிசை வைக்கலாம். வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசையும் வைக்கலாம். பார்ப்பதற்கும் லட்சணமாக இருக்கும். பதின்மூன்றாவதாக ஒரு லட்டு வந்து சேரட்டும், வந்தது வினை! இரண்டு இரண்டாக வைத்தாலும் சரி, மூன்று மூன்றாக வைத்தாலும் சரி, கடைசியில் ஒன்று தனியாக நின்று நம்மைப் பார்த்து முறைக்கும். (வீட்டிலுள்ள வாண்டு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பிரச்னையைத் தீர்த்துவிடும் என்பது வேறு விஷயம்.)

பன்னிரண்டு, பங்குக்கு இணங்கும் எண். பதின்மூன்று, பங்குக்கு இணங்காத எண். அப்படி இணங்காத எண்களுக்குப் பகா எண் என்று பெயர். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என்று அவை வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுக்கு முடிவே கிடையாது என்பதை யூக்ளிட் என்ற கிரேக்க ஆசிரியர் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார்.

சின்ன எண்ணென்றால் லட்டை வைத்தே சோதித்துவிடலாம். ஆனால் இதோ இந்த எண்ணைப் பாருங்கள்:

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது இலக்கம் இருக்கும். உலகத்தில் உள்ள எந்த எண்ணாலும் (ஒன்றையும் அதையுமே தவிர) இதை மீதியில்லாமல் வகுக்க முடியாது. இதை முதன் முதலில் நிரூபித்தவர் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாத்தியார். அப்போது கணிப்பொறி கிடையாது. அதைவிட ஆச்சரியம், அவர் அதை எதனாலும் வகுத்துப் பார்க்கவே இல்லை!

வகுக்காமலே எப்படி வகுபடாது என்று சொன்னார்? அதுதான் இந்தக் கதை.

தட்டுகளை வைத்து ஒரு விளையாட்டு

கதைக்குள் போகும் முன் சமையலறையிலிருந்து மூன்று தட்டுகளை எடுத்து வாருங்கள். ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று சிறியது. பெரியது அடியில், சிறியது உச்சியில் இருக்கும்படி அடுக்குங்கள். பக்கத்தில் இரண்டு காலி இடம் விட்டுக்கொள்ளுங்கள். இந்த அடுக்கை அப்படியே வேறு ஓர் இடத்துக்கு மாற்ற வேண்டும். நிபந்தனை இரண்டு: ஒரு தடவைக்கு ஒரு தட்டைத்தான் நகர்த்தலாம், சின்னத் தட்டின் மேல் பெரிய தட்டை வைக்கக் கூடாது.

செய்து பார்த்தால் ஏழு நகர்த்தலில் வேலை முடியும். அதற்குக் குறைவாக முடியாது. இரண்டு தட்டென்றால் 3, மூன்று தட்டென்றால் 7, நான்கென்றால் 15, ஐந்தென்றால் 31, ஆறென்றால் 63, ஏழென்றால் 127. ஒவ்வொரு தட்டு கூடும்போதும் முந்தைய எண் இரு மடங்காகி, மேலே ஒன்று சேர்கிறது. கணக்குப் புத்தகத்தின் பாஷையில் சொன்னால், எத்தனை தட்டோ அத்தனை இரண்டுகளைப் பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். மூன்று தட்டா? 2×2×2 = 8; ஒன்று கழித்தால் 7. அவ்வளவுதான்.

குழந்தைகளின் இந்த விளையாட்டு 1883-ல் பாரிஸ் நகரத்தில் ஒரு மரப்பொம்மையாக விற்பனைக்கு வந்தது. 'ஹனாய் கோபுரம்' என்று பெயர். செய்தவர் சீயாம் தேசத்து 'கிளாஸ்' என்று பெட்டியில் போட்டிருந்தது. பொம்மையோடு ஒரு கதையும் பரவியது. காசியில் ஒரு கோயிலில் வைர ஊசிகள் மூன்று இருக்கின்றனவாம்; அவற்றில் 64 பொன் தட்டுகளை அர்ச்சகர்கள் இரவு பகலாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்களாம்; வேலை முடியும் நாளில் உலகமும் முடிந்துவிடுமாம்! காசி யாத்திரை போய் வந்தவர்கள் 'நாம் பார்க்காமல் வந்துவிட்டோமே' என்று வருந்த வேண்டாம். அது வெறும் கட்டுக்கதை. உலகம் முடிந்துவிடுமோ என்று பயப்படவும் வேண்டாம். வினாடிக்கு ஒரு தட்டு வீதம் நகர்த்தினாலும் 58,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

'கிளாஸ்' என்ற சீயாம்காரர் யாரும் இல்லை. எழுத்துக்களை மாற்றிப் போட்டு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. பிரான்சின் ஆமியேன் ஊரில் 1842-ல் பிறந்த எதுவார் லூக்காஸ்தான் அந்த ஆசாமி. நம்முடைய முப்பத்தொன்பது இலக்கத்தைப் பிடித்த வாத்தியாரும் அவரே!

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். 127 தட்டுகள் கொண்ட கோபுரத்தை மாற்ற எத்தனை நகர்த்தல் வேண்டுமோ, அதுதான் அந்த எண். 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் அது வரும்.

பாதிரியாரின் பட்டியல்

கோபுர எண்களை இன்னொரு தடவை பாருங்கள்: 3, 7, 15, 31, 63, 127. இவற்றில் 15-ஐ 3×5 என்று பிரித்துவிடலாம். 63-ஐ 7×9 என்று பிரிக்கலாம். 3, 7, 31, 127 ஆகிய நான்கும் பகா எண்கள். தட்டுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் விடையும் நிச்சயம் பகு எண்தான். இதற்கு நிரூபணம் உண்டு. அப்படியானால் தட்டுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகத்தானே இருக்கும்?

இருக்கும் என்றுதான் பலர் நம்பினார்கள். பதினோரு தட்டு வந்து அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. பதினொன்று பகா எண்தான். ஆனால் விடையாகிய 2,047 இருக்கிறதே, அது 23×89 என்று பிளந்துவிட்டது! 1536-லேயே இது அச்சில் வந்துவிட்டது.

ஆக, எந்த எந்தத் தட்டு எண்ணிக்கை ஏமாற்றும், எது ஏமாற்றாது என்ற கேள்வி எழுந்தது. பாரிஸில் மடத்துத் துறவியாக இருந்த மெர்சென் பாதிரியார் 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257: இந்தத் தட்டு எண்ணிக்கைகளுக்குப் பகா எண் வரும்; 257 வரை வேறு எதற்கும் வராது என்று அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை.

பெரியவர் சொன்ன வாக்கை யார் சோதிப்பது? 1772-ல் ஆய்லர் என்ற மேதை 31 தட்டுக்குரிய எண்ணை, அதாவது 2,147,483,647-ஐ, பகா எண்தான் என்று உறுதி செய்தார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்! 1811-ல் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர், ஆய்லருடைய எண்ணைக் கொண்டு வரும் பெரிய கணக்கைக் குறிப்பிட்டு, இதற்கு மேல் யாரும் போகப் போவதில்லை என்று எழுதினார். காரணம்? இந்த எண்கள் வெறும் வேடிக்கைக்கு உரியவை, ஒரு பிரயோஜனமும் இல்லாதவை. இவற்றுக்காக யார் மெனக்கெடுவார்கள்? இதுதான் அவருடைய கட்சி.

மெனக்கெடுகிற மனுஷர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள் என்பது பார்லோவுக்குத் தெரியவில்லை, பாவம்!

வகுக்காமலே கண்டுபிடித்தார்

நம்முடைய முப்பத்தொன்பது இலக்கத்தைச் சாதாரண வழியில் சோதிப்பதென்றால் என்ன ஆகும்? 3-ஆல் வகுக்க வேண்டும், 5-ஆல் வகுக்க வேண்டும், 7-ஆல்... இப்படி ஒற்றைப்படை எண்களால் மட்டும் வகுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஒரு வகுத்தல், இரவில் தூக்கமும் கிடையாது என்றாலும் சுமார் இருபதாயிரம் கோடி ஆண்டு பிடிக்கும். இந்தப் பிரபஞ்சம் தோன்றியே ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுதான் ஆகிறது!

லூக்காஸ் அந்தப் பக்கமே போகவில்லை. எண்ணிடம் ஒரு கேள்வி கேட்பது போல ஒரு வழியைக் கண்டுபிடித்தார். வழக்கறிஞர் சாட்சியைக் கூண்டில் ஏற்றி, 'ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்' என்று அதட்டுகிறாரே, அந்த மாதிரி! அவருடைய வழியைப் பின்னால், 1930-ல், லேமர் என்ற அமெரிக்கர் செப்பனிட்டார். செப்பனிட்ட வடிவத்தை 31 என்ற சின்ன எண்ணில் செய்து காட்டுகிறேன். பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் 4 என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழியுங்கள்: 16−2 = 14. மறுபடி 14-ஐ 14-ஆல் பெருக்கி இரண்டைக் கழியுங்கள்: 194. இது 31-ஐ விடப் பெரிதாகிவிட்டது. ஆகவே 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8. மறுபடியும் 8×8−2 = 62. இதை 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம்! பூஜ்யம் வந்தால் 'நான் பகா எண்தான்' என்று அந்த எண் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

எத்தனை தடவை பெருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. தட்டு எண்ணிக்கையில் இரண்டு குறைவு. 31 என்பது ஐந்து தட்டு எண். ஆகவே மூன்று தடவை. 127 என்பது ஏழு தட்டு எண்; ஐந்து தடவை. காகிதமும் பென்சிலும் இருந்தால் செய்து பாருங்கள்: 14, 67, 42, 111, 0 என்று வர வேண்டும். பதினோரு தட்டுக்கு உரிய 2,047-ஐ இதே போல் ஒன்பது தடவை உருட்டினால் கடைசியில் 1,736 வந்து நிற்கும். பூஜ்யம் வரவில்லை, ஆகவே அது பகா எண் இல்லை. 23 என்றோ 89 என்றோ தெரியாமலே அது பிளவுபடும் எண் என்பது தெரிந்துவிட்டது பார்த்தீர்களா!

முப்பத்தொன்பது இலக்கத்துக்கு 125 தடவை போதும். இருபதாயிரம் கோடி ஆண்டு வேலை 125 பெருக்கலாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு பெருக்கலும் முப்பத்தொன்பது இலக்க எண்ணை அதனாலேயே பெருக்குவது. பிறகு முப்பத்தொன்பது இலக்க எண்ணால் வகுப்பது. ஓரிடத்தில் ஓர் இலக்கம் பிசகினாலும் அதற்குப் பிறகு செய்தது அத்தனையும் வீண்.

சதுரங்கக் காய்கள் செய்த கணக்கு

இந்தப் பளுவைக் குறைக்கவும் லூக்காஸ் ஓர் உபாயம் கண்டார். வீட்டிலே பல்லாங்குழி ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சதுரங்கப் பலகையில் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கோடியிலுள்ள கட்டத்துக்கு மதிப்பு 1, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 4, பிறகு 8, இப்படி இரு மடங்காக ஏறுகிறது. காய் வைத்த கட்டத்தின் மதிப்பு மட்டும் கணக்கில் சேரும். 8, 4, 1 ஆகிய கட்டங்களில் காய் இருந்தால் அது 13. ஒரே கட்டத்தில் இரண்டு காய் வந்துவிட்டால் இரண்டையும் எடுத்துவிட்டு, அடுத்த பெரிய கட்டத்தில் ஒரு காய் வைத்தால் போதும். கூட்டல் வாய்பாடு கூட வேண்டாம்!

லூக்காஸுக்கு வேண்டியது 127 கட்டம் நீளமும் 127 கட்டம் அகலமும் கொண்ட பலகை. மொத்தம் 16,129 கட்டம். இதில் அவருடைய எண்ணுக்கு ஒரு தனி அழகு இருக்கிறது. ஒரு வரிசையின் 127 கட்டத்திலும் காய் நிரம்பி நின்றால், அதுவே அந்த முப்பத்தொன்பது இலக்கம். நடுவில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது.

இந்த அழகுக்கு ஒரு பயனும் உண்டு. கூட்டிக்கொண்டே போகும்போது ஒரு காய் 127-ஆவது கட்டத்தையும் தாண்டி வெளியே விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காயின் மதிப்பு நம் எண்ணைவிடச் சரியாக ஒன்று அதிகம். வகுத்தால் மீதி ஒன்று. ஆகவே அந்தக் காயை எடுத்து வலது கோடியில் முதல் கட்டத்தில் வைத்துவிட வேண்டியதுதான்! பல்லாங்குழியில் கடைசிக் குழி தாண்டியதும் சோழி மறுபடி சுற்றி வருகிறதல்லவா, அதே போல. முப்பத்தொன்பது இலக்கத்தால் வகுப்பது என்ற பெரிய தலைவலி, ஒரு காயை இடம் மாற்றுவதோடு தீர்ந்துபோயிற்று.

1876-ல் லூக்காஸ் முடிவை அறிவித்தார். 127 விஷயத்தில் மெர்சென் பாதிரியார் சொன்னது சரி. அந்த எண் பகா எண்தான். 1914-ல் ஃபோகம்பர்க் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தனியாகக் கணக்கிட்டு அதையே உறுதி செய்தார்.

மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

அதே 1876-ல் லூக்காஸ் இன்னொரு குண்டையும் போட்டார். பாதிரியாரின் பட்டியலில் உள்ள 67 தப்பு! 67 தட்டுக்குரிய எண் பகா எண் அல்ல, எதனாலோ வகுபடும். எதனால்? அது லூக்காஸுக்கும் தெரியாது. 'திருடன் வீட்டுக்குள் இருக்கிறான், ஆனால் யார் என்று சொல்ல மாட்டேன்' என்கிற மாதிரிதான் அவருடைய வழி.

திருடனைப் பிடித்தவர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் இருந்த கோல் என்ற பேராசிரியர். 1903 அக்டோபர் 31-ஆம் தேதி நியூயார்க்கில் கணிதச் சங்கக் கூட்டம். அங்கே நடந்ததை பெல் என்ற கணித நூலாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கோல் வாயைத் திறக்காமல் கரும்பலகைக்குப் போனார். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தார். 147,573,952,589,676,412,927 என்று வந்தது. பலகையின் மறுபக்கம் போய் 193,707,721 என்ற எண்ணை 761,838,257,287 என்ற எண்ணால் பெருக்கினார். அதே விடை! ஒரு வார்த்தை பேசாமல் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார். சபையில் கைதட்டல் எழுந்தது.

இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று பெல் பிற்பாடு விசாரித்தாராம். மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல். அந்த வீட்டு அம்மாள் என்ன சொன்னாள் என்பது சரித்திரத்தில் இல்லை!

இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் பெருக்கிக் காட்டச் சில நிமிஷம்தான். பெருக்கி வந்ததை மறுபடி இரண்டாகப் பிளக்க மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். இந்த வித்தியாசம் பின்னால் பெரிய காரியம் செய்யப்போகிறது.

பாதிரியாரின் 257-ம் தப்பென்று பின்னர் தெரிந்தது. 61, 89, 107 மூன்றையும் அவர் விட்டுவிட்டார் என்பதும் வெளிவந்தது. ஆனால் அவர் சொன்ன 127 மட்டும் அசையாமல் நின்றது.

முக்கால் நூற்றாண்டு மகுடம்

லூக்காஸின் முடிவு அத்தனை கெட்டி. ஆயுள் அத்தனை கெட்டியில்லை. 1891-ல் மார்செய் நகரில் விஞ்ஞான மாநாடு நடந்தது. அதையொட்டிய விருந்தில் பரிமாறுகிறவர் கையிலிருந்து பீங்கான் பாத்திரம் நழுவி விழுந்து உடைந்தது. ஒரு சில்லு தெறித்து லூக்காஸின் கன்னத்தைக் கிழித்தது. அற்பக் காயம்தான். ஆனால் அதில் விஷம் ஏறி, தோலில் வீக்கம் கண்டு, சில நாளில் உயிரே போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 49.

அவர் பிடித்து வைத்த எண்ணோ, உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் என்ற ஸ்தானத்தில் 75 வருஷம் அமர்ந்திருந்தது. 1951-ல்தான் அது கீழே இறங்கியது. அந்த வருஷம் ஃபெரியே என்ற பிரெஞ்சுக்காரர் மேஜைக் கணக்கு யந்திரத்தைச் சுழற்றி 44 இலக்கப் பகா எண்ணைக் கண்டார். அதே வருஷம் கேம்பிரிட்ஜில் மின் கணிப்பொறி 79 இலக்க எண்ணைக் கண்டது. எந்த யந்திர உதவியும் இல்லாமல், மனிதன் தன் மூளையையும் கையையும் மட்டும் நம்பிக் கண்ட பகா எண்களில் மிகப் பெரியது என்ற பெருமை மட்டும் லூக்காஸின் எண்ணை விட்டுப் போகவில்லை.

1952 ஜனவரி 30-ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலஸில் இன்னொரு கணிப்பொறி ஓடியது. அதற்குக் கட்டளைகளை எழுதியவர் ராபின்சன் என்ற பேராசிரியர். அந்த யந்திரத்தை நேரில் பார்க்காமலே, அதைப் பற்றிய குறிப்பேட்டைப் படித்து எழுதி அனுப்பினாராம்! ஓட்டியவர் லூக்காஸின் வழியைச் செப்பனிட்ட அதே லேமர். 257-ஐப் பொய் என்று காட்ட லேமர் முன்பு நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்திருந்தார். யந்திரம் அதை ஒரு நிமிஷத்துக்குள் முடித்தது. அதே இரவில் 521, 607 ஆகிய தட்டு எண்ணிக்கைகளுக்குப் புதிய பகா எண்கள் கிடைத்தன. ராபின்சனின் மனைவி ஜூலியாவும், லேமரின் மனைவி எம்மாவும் கணவன்மாருக்குச் சளைக்காத கணித மேதைகள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பிறகு ஏற்றம்தான். 2024 அக்டோபரில் அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டூரண்ட் ஒரு பகா எண்ணைக் கண்டதாக அறிவிப்பு வந்தது. 136,279,841 தட்டுகளுக்கு உரிய எண் அது. இலக்கம் 41,024,320! பக்கத்துக்கு 3,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் 13,675 பக்கம் வரும். வாரம் நூறு பக்கம் கொண்ட பத்திரிகையில், கதை, துணுக்கு, சமையல் குறிப்பு எதுவும் இல்லாமல் இதை மட்டுமே போட்டாலும் இரண்டரை வருஷத்துக்கு மேல் தொடர் ஓடும். கதாநாயகி யார் என்று கேட்காதீர்கள்! அந்த எண்ணையும் பகா எண் என்று முடிவாக உறுதி செய்தது, 1876-ல் பள்ளிக்கூட வாத்தியார் கண்ட அதே 'பெருக்கி இரண்டைக் கழி' வழிதான்.

எதற்கு இந்த வீண் வேலை?

'இதெல்லாம் சரி, அரிசி விலை குறையுமா?' என்று கேட்பீர்கள். பார்லோ கேட்ட கேள்விதானே!

கோல் பேராசிரியரின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெருக்குவது சுலபம், பிளப்பது கஷ்டம். 1977-ல் அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் இந்த வித்தியாசத்தையே ஒரு பூட்டாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் ஊரறியச் சொல்லிவிடலாம். அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறக்க வேண்டுமானால் அந்த இரண்டு எண்கள் தெரிய வேண்டும். இதற்காகப் பொறுக்கும் பகா எண் ஒவ்வொன்றும் முந்நூறு இலக்கத்துக்கு மேல் இருப்பது வழக்கம். கோல் மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டால் எத்தனை யுகம் ஆகுமோ! வீட்டிலிருந்தபடியே கைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோமே, கடைக்குப் பணம் அனுப்புகிறோமே, அந்தச் செய்திகளை வழியில் யாரும் களவாடாமல் காப்பதில் பகா எண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

லூக்காஸின் எண்ணை இந்தப் பூட்டுக்கு ரகசியச் சாவியாக வைக்க முடியாது. ஊருக்கே தெரிந்த எண் ரகசியமாகுமா? ஆனால் வேறு வகைப் பூட்டு ஒன்றில் பகிரங்கமாகவே அது வேலை செய்கிறது. காய் சுற்றி வந்து முதல் கட்டத்தில் உட்காருகிறதே, அந்தச் சௌகரியத்துக்காகவே 2015-ல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த இருவர், தாங்கள் வகுத்த ரகசியக் குறியீட்டு முறைக்கு இந்த எண்ணை அடித்தளமாக வைத்தார்கள். மரக்காயை வைத்து வாத்தியார் செய்த உபாயம், இன்று கணிப்பொறிக்குள்ளும் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது.

பிரயோஜனம் இருக்கட்டும், அழகுக்காகவே இந்த எண்களைத் தேடியவர்களும் உண்டு. 6-ஐ மீதியில்லாமல் வகுக்கும் சின்ன எண்கள் 1, 2, 3. கூட்டினால் அதே 6! 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14. கூட்டினால் அதே 28! இப்படித் தன் பங்குகளெல்லாம் சேர்ந்து தானாகவே ஆகிவிடும் எண்ணுக்கு 'நிறை எண்' என்று பெயர். இவை மிக அபூர்வம். ஒவ்வொரு கோபுரப் பகா எண்ணும் ஒரு நிறை எண்ணைப் பெற்றெடுக்கிறது: 3-லிருந்து 6, 7-லிருந்து 28, 31-லிருந்து 496, 127-லிருந்து 8,128. லூக்காஸின் எண்ணுக்கும் ஒரு குழந்தை உண்டு. அதற்கு 77 இலக்கம்! பங்கு போடவே இணங்காத எண்ணிடமிருந்து, பங்குகளெல்லாம் ஒன்று கூடி நிறையும் எண் பிறக்கிறது.

ஏணியின் அடுத்த படி

கடைசியாக ஒன்று. இரண்டு தட்டு எடுத்தால் நகர்த்தல் 3. அந்த 3-ஐயே தட்டு எண்ணிக்கையாக வைத்தால் 7. ஏழு தட்டு வைத்தால் 127. அந்த 127-ஐத் தட்டு எண்ணிக்கையாக வைத்தால் லூக்காஸின் முப்பத்தொன்பது இலக்கம். 2, 3, 7, 127, பிறகு அது. ஏணியின் ஐந்து படியும் பகா எண்கள்!

ஆறாவது படி? லூக்காஸின் எண் எவ்வளவோ, அத்தனை தட்டு கொண்ட கோபுரம். அதுவும் பகா எண்தானா? இந்த ஏணியைப் பற்றி 1876-லேயே கடலான் என்ற கணித மேதை எழுதினார். இன்று வரை யாருக்கும் பதில் தெரியாது. அந்த எண்ணை எழுதி வைக்க உலகத்துக் காகிதம் அத்தனையும் போதாது. லூக்காஸின் வழியில் கேள்வி கேட்கலாமென்றால், எத்தனை தடவை பெருக்க வேண்டும் என்று பாருங்கள். தட்டு எண்ணிக்கையில் இரண்டு குறைவு. அதாவது இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த முப்பத்தொன்பது இலக்கத்தில் இரண்டே இரண்டு குறைவு!

காசிக் கோயில் அர்ச்சகர்கள் உண்மையாகவே இருந்திருந்தால், இத்தனை பெருக்கலும் முடிவதற்குள் அவர்கள் வேலை முடிந்து, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆறாவது படியில் கால் வைக்க, லூக்காஸ் மாதிரி இன்னொரு வாத்தியார் வந்து, பெருக்கவும் வேண்டாத ஒரு வழியைக் காட்ட வேண்டும். அந்த வாத்தியார் இப்போது எந்த வீட்டில், எந்தச் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக் கலைத்து அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாரோ, யார் கண்டது!